தோகாம் பிரித்த பச்சை மாவு

மல்மோரியில் கல்யாணமானாலும் சாவானாலும் பன்றிக்கறி வெட்டிப் பரிமாறும் கத்தி மான்ஸொக்கின் கையில்தான் இருக்கும். அந்தப் பொறுப்புக்கும், அதைச் சுமக்கும் ஆளுக்கும் தோகாம் என்று பெயர். வேகவைத்த கறியில் மூன்று துண்டு, ரத்தக் குடலில் ஒரு துண்டு, டோஃபு என்கிற சோயாக் கட்டியில் ஒரு துண்டு. ஆளுக்கு ஒரு தட்டு. ஊர்த்தலைவருக்கும் அதே தட்டு, அவர் மடியில் உட்கார்ந்து மூக்கை நோண்டிக்கொண்டிருக்கும் பேரனுக்கும் அதே தட்டு. கொரியாவின் ஜேஜு தீவு முழுக்க வழக்கம் இதுதான். ஆனாலும் மான்ஸொக் வெட்டிய துண்டுகளைத் தராசில் போட்டால் முள் அசையாது என்று மல்மோரிக்காரர்கள் பக்கத்து ஊர்களில் போய்ப் பீற்றிக்கொள்வார்கள். அவரும் காதில் விழாதவர்போல நின்று முழுவதையும் கேட்டுக்கொள்வார். மனிதருக்குத் தலைக்கனம் உண்டு, அதை மறைக்கத்தான் தெரியாது.

கறி வெட்டுகிறவன் ருசி பார்க்காமல் இருப்பானா? ஓரத்தில் ஒதுங்கிய கொழுப்பெல்லாம் இத்தனை வருஷமும் அவர் வாய்க்குள்தான் போயிற்று. விளைவு, சுகாதார நிலையத்து நர்ஸ் அவருடைய ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்தாலே பெருமூச்சு விடுவாள். அவரை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. ஊரில் பாதிப் பேருக்கு ரத்தத்தில் கொழுப்பு கரைபுரண்டு ஓடியது. பன்றி எலும்புச் சாற்றில் கடற்பாசி போட்டுக் கொதிக்கவைத்த சூப் இல்லாமல் விருந்து இல்லை, விருந்து இல்லாத மாதமும் இல்லை.

ஊரின் இந்தக் கேடு மான்ஸொக்கின் ஒரே மகள் ஹேரினுக்கு வசதியாகப் போயிற்று. அவள் ஜேஜு நகரத்தில் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறவள். அவளுடைய ஆராய்ச்சி, காய் ஆரஞ்சு. கோடையின் கடைசியில் மரத்தில் காய்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றால், மிச்சம் நன்றாகப் பழுக்கட்டும் என்று பச்சைக் காய்களில் ஒரு பங்கைக் கிள்ளிக் கீழே போட்டுவிடுவார்கள். மண்ணில் கிடந்து அழுகும் அந்தக் காய்களின் தோலில் சில சத்துகள் இருக்கின்றன, பழுத்தால் அவை குறைந்துபோகின்றன, ரத்தத்துக் கொழுப்பை அவை குறைக்கக்கூடும் என்பது அவள் படிப்பு. எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்துவிட்டார்கள். அடுத்து மனிதர்கள் வேண்டும்.

"எலிக்கு அப்புறம் மல்மோரியா?" என்று கேட்டாள் கும்னியோ. ஊர்ப் பெண்கள் சங்கத்தின் தலைவி. அவள் வாய்க்குப் பயந்து தபால்காரர் மோட்டார் சைக்கிளை அவள் வாசலில் நிறுத்தாமலே கடிதத்தை எறிந்துவிட்டுப் போவார். "எலி செத்துச்சா பிழைச்சுச்சா, அதை முதல்ல சொல்லுடி."

"நல்லா இருக்கு அத்தை. உங்களை விட ஒல்லியா இருக்கு" என்றாள் ஹேரின். ஊர்க்கூடமே சிரித்தது. கும்னியோவுக்கும் சிரிப்பு வந்துவிட்டதால் எல்லோரும் சம்மதித்துவிட்டார்கள்.

ஹேரின் விவரமாகச் சொன்னாள். ஆளுக்கு ஒரு பெட்டி, அதன்மேல் அவரவர் பெயர். உள்ளே சின்னச் சின்னப் பாக்கெட்டுகளில் பச்சைப் பொடி, பாதி அறுவடைவரைக்கும் வரும்; அது தீரும்போது அவளே அடுத்த பெட்டி கொண்டுவருவாள். தினம் காலையில் ஒன்றை வெந்நீரில் கலக்கிக் குடிக்க வேண்டும். ஆரம்பத்தில் ஒரு தடவை ரத்தம் எடுப்பார்கள், முடிவில் ஒரு தடவை. பாதிப் பேரின் பெட்டியில் நிஜமான காய்ப் பொடி இருக்கும். மீதிப் பேருக்கு நிறமும் வாசனையும் சேர்த்த வெறும் மாவு. எது யாருக்கு என்று அவளுக்கே தெரியாது. அவளுடைய பேராசிரியர் மின்னுக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் வேறு ஊரில் அதைப் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

"இது நல்லபடியா முடிஞ்சாத்தான் எனக்குப் பட்டம். தோட்டத்துல அழுகிற காய்க்கும் ஒரு விலை வரும். தயவுசெஞ்சு ஒழுங்கா குடிங்க" என்று கும்பிட்டுவிட்டு அவள் பேருந்து ஏறினாள்.

பேருந்து திருப்பம் தாண்டியிருக்காது, கும்னியோ தன் பெட்டியைத் தரையில் தொப்பென்று போட்டாள்.

"எனக்கு மாவுதான் வந்திருக்கும். என் ராசி எனக்குத் தெரியாதா? பள்ளிக்கூட விளையாட்டு விழாக் குலுக்கல்ல ஊருக்கே சோப்புக் கட்டி பரிசு விழுந்துச்சு, எனக்கு மட்டும் கைத்தட்டல்தான் கிடைச்சுது."

மான்ஸொக்கின் மனைவி தோக்சிம்மும் தன் பெட்டியை ஆட்டிப் பார்த்தாள். ஆட்டினால் தெரிகிற விஷயமா? "பாதிப் பேரு குளிர்காலம் பூரா மாவைக் கரைச்சுக் குடிக்கணுமாம். ஒரே ஊரு, ஒரே தண்ணி, இதுல என்ன பாரபட்சம்?" என்று ஆளாளுக்கு முனகினார்கள். முனகி முடித்ததும் எல்லார் கண்ணும் ஒரே இடத்துக்குப் போயிற்று.

மான்ஸொக் தொண்டையைச் செருமிக்கொண்டார். பங்கு பிரிப்பதில் ஒரு சிக்கல் வந்து, ஊர் தன்னைப் பார்ப்பதை விட அவருக்கு இனிப்பான விஷயம் கிடையாது.

"தோகாம் உசிரோட இருக்கிற ஊர்ல ஒருத்தனுக்கு அதிகம், ஒருத்தனுக்குக் குறைச்சல்னு பேச்சு வரலாமா? கும்னியோ, அந்த கிம்ச்சி போடுற அண்டாவை எடு."

அவ்வளவுதான். கிம்ச்சிக்கு முட்டைக்கோசு ஊறவைக்கிற சிவப்பு ரப்பர் அண்டாவைக் கழுவித் துடைத்து நடுவில் வைத்தார்கள். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பாக்கெட்டுகளைக் கத்தரித்து அண்டாவில் கொட்டினார்கள். மான்ஸொக் சோற்றுக் கரண்டியால் அடியோடு கிளறி, சோஜு சாராயம் குடிக்கிற சின்னக் கண்ணாடிக் கிளாஸில் பொடியை அள்ளி, மேலே வழித்து, ஆளுக்கு ஒரு டப்பாவில் அளந்து போட்டார். நிஜமும் மாவும் எல்லாருக்கும் சரிபாதி. காலிப் பாக்கெட்டுகளை அவரவர் பெட்டியில் திரும்ப அடுக்கி வைத்தார்கள். ஊர் நிம்மதியாக வீட்டுக்குப் போயிற்று. மான்ஸொக் அன்று சாப்பாட்டில் ஒரு பிடி அதிகமாகச் சாப்பிட்டார்.

பொடி கசந்தது. காலையில் குடித்துவிட்டுத் தோட்டத்தில் ஏணி மேல் நிற்கும்போது, ஆரஞ்சுத் தோலைக் கடித்தாற்போல ஒரு ஏப்பம் வரும். அறுவடை மும்முரத்தில் மரத்துக்கு மரம் ஏப்பச் சத்தம் கேட்கும். "கொழுப்பு கரையுது" என்று ஒருவருக்கொருவர் சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள்.

பாதி அறுவடையில் ஹேரின் வந்தாள். காலிப் பாக்கெட்டுகளை எண்ணிப் பார்த்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டில் அப்பாவின் தட்டில் மீனை எடுத்து எடுத்து வைத்தாள்.

"அப்பா, ஒரு பாக்கெட்கூட மீதி இல்ல! எந்த ஊர்லயும் இப்படி நடந்ததில்ல. மறந்துடுவாங்க, சலிச்சுக்குவாங்க, நாய்க்குப் போட்டுடுவாங்க. பேராசிரியர் மின் நம்பவே மாட்டேங்கிறார். மல்மோரிக்காரங்க மனுஷங்களா தெய்வங்களான்னு கேக்குறார்."

மான்ஸொக் அடக்கமாகச் சிரிக்க முயன்றார். "நான் கொஞ்சம் பாத்துக்கிட்டேன்."

"மாவு குடிக்கிறவங்களை நெனச்சாத்தான் எனக்கு மனசு உருகுது. அவங்கதான்ப்பா ரொம்ப முக்கியம்."

"மாவு குடிக்கிறவங்களா? எப்படி?"

"பின்ன? குளிர்காலத்துல எல்லாரும் தோட்டத்துல ஓடி ஓடி உழைக்கிறீங்க. அதாலயே கொழுப்பு கொஞ்சம் குறையும். பொடி குடிச்சவங்களுக்கு மாவு குடிச்சவங்களை விட அதிகமா குறைஞ்சாத்தான், அது பொடி செஞ்ச வேலைன்னு சொல்ல முடியும். ரெண்டு கூட்டத்துக்கும் ஒரே மாதிரி வந்துச்சுன்னா முடிஞ்சுது. பொடி வெறும் தண்டம்னு எழுதி நானே கையெழுத்துப் போட வேண்டியதுதான். அத்தோட என் பட்டமும் போச்சு."

மான்ஸொக் வாய்வரை கொண்டுபோன மீனைத் திரும்பத் தட்டில் வைத்தார். தோக்சிம் மேஜைக்கு அடியில் அவர் பாதத்தை ஓங்கி மிதித்தாள். அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குப் புரியவில்லை. சொல் என்றா, சொல்லாதே என்றா? கல்யாணமான நாளிலிருந்து அவள் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரிதான் மிதிப்பாள்.

மறைத்தால் மறைந்திருக்கும். ஊரில் யாரும் மூச்சு விட்டிருக்க மாட்டார்கள். ஆனால் மகள் வாய் நிறையச் சோறும் முகம் நிறையச் சந்தோஷமுமாக உட்கார்ந்திருந்ததை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பாதிச் சாப்பாட்டில் எழுந்து, "வாம்மா, ஒண்ணு காட்டணும்" என்று ஊர்க்கூடத்துக்குக் கூட்டிப்போனார்.

சிவப்பு அண்டா அங்கேயே இருந்தது. ஓரங்களில் பச்சைப் பொடி ஒட்டியிருந்தது. உள்ளே ஒரு சோஜு கிளாஸ்.

ஹேரின் அண்டாவைப் பார்த்தாள், கிளாஸைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். முதலில் அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. அடக்க முடியாமல் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அது அழுகையாக மாறியது.

"எல்லாத்தையுமா அப்பா?"

"எல்லாத்தையும்தான்" என்றார் மான்ஸொக். "சரிசமமா."

தொலைபேசியில் பேராசிரியர் மின் பேசியது பக்கத்துத் தோட்டத்தில் பழம் பறித்தவர்களுக்கும் கேட்டது. தெய்வங்கள் என்று சொன்ன வாயாலேயே வேறு என்னென்னவோ சொன்னார். கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு வழி சொன்னார். வேறு ஊர் தேடிப் போகப் பணமும் இல்லை, காலமும் இல்லை. இருக்கிற பொடி இன்னொரு தடவைக்குத்தான் வரும். எல்லாரும் பொடியை நிறுத்தி, உடம்பிலிருந்து அது போகட்டும். அதே ஊர், அதே ஆட்கள் சம்மதித்தால் புதிதாகத் தொடங்கலாம். இந்தத் தடவை அவனவன் பாக்கெட்டை அவனவன் குடிக்க வேண்டும். ஒருவர் முரண்டு பிடித்தாலும் கடையைக் கட்ட வேண்டியதுதான்.

ஹேரின் ஊரைக் கூட்டினாள். ஊர் முரண்டு பிடித்தது.

"தெரிஞ்சே பாதிப் பேரு மாவு குடிக்கணுமா? எங்க அப்பா காலத்துல பஞ்சம் வந்தப்பக்கூட இந்த ஊர்ல கெடச்ச கிழங்கைப் பங்கு போட்டுத்தான் தின்னாங்க" என்றாள் கும்னியோ. "உன்மேல கோவம் இல்லடி. ஆனா உன் படிப்பு எங்க வழக்கத்துக்கு ஒத்து வராது."

ஹேரின் எவ்வளவோ எடுத்துச் சொன்னாள். ஒப்பிட ஆள் வேண்டும் என்றாள், அளவுகோல் என்றாள். தலையாட்டிக் கேட்டுவிட்டு எல்லாரும் மாட்டேன் என்றார்கள். அவளுக்கு அப்பாவைத் திட்டக்கூடத் தெம்பு இல்லை. "பரவாயில்லப்பா, வேற வேலை தேடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் பேருந்தில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். அந்தப் பரவாயில்லைதான் மான்ஸொக்கை அறுத்தது. பத்து வசவு வைதிருந்தால் தூங்கியிருப்பார்.

குளிர்காலம் முடியும் சமயத்தில் கும்னியோவின் மகனுக்குக் கல்யாணம். முந்தின நாள் மத்தியானம் ஊருக்கு விருந்து. கூடாரம் போட்டு, இரண்டு வரிசை மேஜை. சம்பந்தி வீட்டார் மறுநாள்தான் வருவார்கள் என்பது மான்ஸொக்குக்குத் தெரியும். இல்லாவிட்டால் அவருக்கும் அந்தத் துணிச்சல் வந்திருக்காது.

விடிந்ததிலிருந்து அவர் வெட்டுப்பலகையை விட்டு நகரவில்லை. துணைக்கு வந்தவர்களை, "நான் பாத்துக்கறேன், போங்க" என்று விரட்டிவிட்டார். தோகாம் சொன்னால் எதிர்த்துப் பேசும் வழக்கம் கிடையாது. தட்டுகள் மூடியபடி வந்து மேஜைகளில் உட்கார்ந்தன. எல்லாரும் ஒரே நேரத்தில் திறந்தார்கள்.

வலது பக்க வரிசையில் தட்டு நிறையக் கறி, கொழுப்பு மினுமினுக்க. இடது பக்க வரிசையில் வெள்ளை வெளேரென்று டோஃபு. கறி என்று ஒரு நார்கூட இல்லை.

கூடாரமே கொந்தளித்தது. டோஃபு வரிசையில் உட்கார்ந்திருந்த கும்னியோவின் சித்தப்பா தட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து எல்லாருக்கும் காட்டினார். கறி வரிசைக்காரர்கள் திருடிய ஆட்கள்போலக் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஒருவர்கூடக் கறியைத் தொடவில்லை. கும்னியோ அடுப்படியிலிருந்து ஈரக் கையோடு ஓடி வந்தாள்.

"அண்ணே! குடிச்சிருக்கீங்களா? என் மகன் கல்யாணத்துல வந்து இப்படி மானத்தை வாங்கறீங்களே!"

"குடிக்கல" என்றார் மான்ஸொக். அவர் முகம் டோஃபுவைப் போல வெளிறியிருந்தது. "யாருக்குக் கறி, யாருக்கு டோஃபுன்னு கண்டுபிடிக்க உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆச்சு?"

"எங்களுக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று கத்தினார் சித்தப்பா.

"பாத்த உடனே தெரிஞ்சுதுல்ல? நான் கலக்கல, அதான் தெரிஞ்சுது. கறியையும் டோஃபுவையும் ஒண்ணா அரைச்சு, உருண்டை புடிச்சு ஆளுக்கு ஒண்ணு வச்சிருந்தா, இன்னிக்கு இந்த வீட்டுல பன்னி அடிச்சாங்களா இல்லையான்னு உங்களால சத்தியம் பண்ண முடியுமா? என் பொண்ணோட பொடியை நான் அப்படித்தான் அரைச்சு உருட்டிட்டேன். அதுல நிஜம் இருந்துச்சா, வேலை செஞ்சுதா, அவ எதைப் பாத்துச் சொல்லுவா?"

சித்தப்பா தூக்கிப் பிடித்திருந்த தட்டை மேஜையில் இறக்கி வைத்தார்.

"மாவு குடிக்கிறவன் ஏமாந்தவன்னு நானும்தான் நெனச்சேன். அப்படி இல்ல. அவன் இல்லாட்டி இவனுக்கு என்ன ஆச்சுன்னே தெரியாதாம். அவ இதைத்தான் சொன்னா. நமக்குத்தான் மண்டையில ஏறல." இதற்குமேல் பேசத் தெரியாமல் அவர் திணறினார். பிறகு பின்னாலிருந்து ஒரு பெரிய பாத்திரத்தை இழுத்தார். தன் செலவில் தனியாக வேகவைத்து ஒளித்து வைத்திருந்த தொடைக்கறி. "யாருக்கும் குறை வராது. டோஃபுக்காரங்களுக்கும் வெட்டியாச்சு. ஆனா இதைப் பரிமாற இனி எனக்குத் தகுதி இல்ல."

கத்தியைத் துடைத்தார். துணியில் சுற்றினார். கும்னியோவின் முன்னால் இரண்டு கையாலும் நீட்டினார்.

"தோகாம் ஆனதுலேருந்து ஒரு தட்டு ஏறுக்குமாறா வச்சதில்ல. இன்னிக்கு வேணும்னே வச்சேன். வச்ச கை இனிமே கத்தி புடிக்கக் கூடாது. வழக்கம்தான் முக்கியம்னு சொன்னீங்கள்ல, அந்த வழக்கப்படியே எடுத்துக்குங்க. என் பொண்ணுக்கு மட்டும் சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

தோக்சிம் மேலங்கியின் ஓரத்தை இழுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கும்னியோ கத்தியை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு அவரையே முறைத்தாள். கோபமா துக்கமா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

"என் வீட்டு விசேஷத்துல என் சித்தப்பாவுக்கு வெறும் டோஃபு வச்சிட்டீங்க. நியாயமா பாத்தா பன்னிக்குப் பதிலா உங்களைத்தான் அண்ணே வெட்டியிருக்கணும்." ஒரு பெருமூச்சு விட்டாள். பிறகு கூடாரத்தைப் பார்த்துத் திரும்பி, வழக்கமான குரலில் கத்தினாள். "என்ன வேடிக்கை? மாவு என்ன விஷமா? குடிச்சுத் தொலைவோம்! அந்தப் பொண்ணைப் பொடியோட வரச் சொல்லுங்க. இப்ப சாப்பிடுங்க, கறி ஆறுது."

கத்தியை அவள் திருப்பித் தரவில்லை. அவர் கேட்கவும் இல்லை. மறுநாள் கல்யாணப் பந்திக்குக் கறி வெட்டியவன் கும்னியோவின் தம்பி. துண்டுகள் கொஞ்சம் கோணல்தான். மான்ஸொக் வாழ்க்கையில் முதல் தடவையாக விருந்தாளியாக உட்கார்ந்து, தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பேசாமல் சாப்பிட்டார். துக்கமாக இருந்தது. அதைத் தோக்சிம்மிடம் ஒளிக்காமல் சொல்லவும் செய்தார்.

ஹேரின் புதுப் பெட்டிகளோடு வந்தாள். இந்தத் தடவை வாரம் தவறாமல் வந்து அவரவர் பாக்கெட்டுகளை அவரவர் கையில் அவளே வைத்தாள். சிவப்பு அண்டாவைப் பெண்கள் சங்கத்தார் கவிழ்த்துப் போட்டு, மேலே அம்மிக்கல் கனத்துக்கு ஒரு எரிமலைக் கல்லையும் தூக்கி வைத்தார்கள். "தோகாம் கண்ணுல பட்டா கை ஊறும்" என்று கும்னியோ விளக்கம் சொன்னாள். புருஷன் பெண்டாட்டிக்குள்ளேகூட ஒருவர் பாக்கெட்டை ஒருவர் தொடவில்லை. சித்தப்பா தன் பாக்கெட்டுகளைத் தலையணை உறைக்குள் வைத்துப் படுத்தார்.

முதல் வாரத்திலேயே மான்ஸொக்குக்கு ஒன்று விளங்கிவிட்டது. தோக்சிம் காலையில் பொடியைக் குடித்துவிட்டு, தோட்டத்தில் கிளைகளைக் கவாத்து செய்துகொண்டே, ஆரஞ்சுத் தோல் மணக்க ஏப்பம் விட்டாள். அவர் காத்திருந்தார். மத்தியானம்வரை காத்திருந்தார். அவருக்கு ஒன்றும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. வயிறு குழந்தை வயிறுபோல அமைதியாக இருந்தது.

அவர் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. காலையில் எழுந்து, பாக்கெட்டைக் கிழித்து, வெந்நீரில் கலக்கி, கிளாஸில் ஒட்டியதையும் இன்னொரு வாய் தண்ணீர் ஊற்றிக் குடித்தார். அலமாரியில் போன கோடையில் போட்ட காய் ஆரஞ்சுப் பாகு ஒரு ஜாடி நிறைய இருந்தது. அதிலும் அந்தச் சத்து உண்டு என்பதால், ஆய்வு முடியும்வரை அதையெல்லாம் தொடக் கூடாது என்று ஹேரின் எல்லாருக்கும் சொல்லியிருந்தாள். ஊரில் பலர் மறந்தவர்கள்போல ஒரு கரண்டி போட்டுக்கொண்டார்கள் என்று கேள்வி. மான்ஸொக் ஜாடி இருக்கும் பக்கமே போகவில்லை. தோக்சிம் தெரியாமல் அவர் தேநீரில் கலந்து கொடுத்தபோது, வாயில் வைத்ததைத் தோட்டத்தில் போய்த் துப்பிவிட்டு வந்தார்.

"கிறுக்கு புடிச்சிருக்கா உங்களுக்கு?" என்றாள் அவள்.

"இனிப்பு பிடிக்கல" என்றார்.

ஆரஞ்சு பூத்து ஊரே மணக்கும்போது கடைசி ரத்தம் எடுத்துப் போனார்கள். பூ உதிர்ந்து பிஞ்சு விட்ட பிறகு ஒரு காலையில் ஹேரின் பேருந்திலிருந்து இறங்கி ஓடிவந்தாள். நேரே ஊர்க்கூடத்துக்குப் போய் ஒலிபெருக்கியைத் தட்டி எல்லாரையும் கூப்பிட்டாள்.

வித்தியாசம் இருந்தது. மாவு குடித்தவர்களை விடப் பொடி குடித்தவர்களுக்குக் கெட்ட கொழுப்பு கொஞ்சம் அதிகமாகவே இறங்கியிருந்தது. அற்புதமெல்லாம் இல்லை, டாக்டர் கொடுத்த மாத்திரையைக் குப்பையில் போடும் அளவுக்கு இல்லவே இல்லை. ஆனால் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம். சின்ன ஊர், கொஞ்சம் பேர், இன்னும் பெரிதாகச் செய்து பார்க்க வேண்டும். "'குறைக்கலாம்'னு எழுது, 'குறைக்கும்'னு எழுதினே, கையை ஒடிச்சிடுவேன்னு பேராசிரியர் சொல்லிட்டார்" என்றாள். பட்டம் உறுதி. அந்த மனிதர் மல்மோரிக்கு ஒரு தடவை நேரில் வந்து தலைகுனிந்து வணங்க வேண்டும் என்றாராம். தோகாம் என்கிற ஆளை மட்டும் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லுங்கள் என்றும் சொன்னாராம்.

யார் எதைக் குடித்தார்கள் என்ற விவரமும் வந்திருந்தது. கும்னியோவுக்கு நிஜப் பொடி. "எனக்கா? எனக்கா?" என்று அவள் ஹேரினின் தோளைப் பிடித்து உலுக்கினாள். சித்தப்பாவுக்கு மாவு. அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "நான் இல்லாட்டி உங்களுக்கு என்ன ஆச்சுன்னே தெரியாது" என்று ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னார். தோக்சிம்முக்குப் பொடி. எல்லாருக்கும் சொல்லி முடித்த ஹேரின் அப்பாவுக்கு மட்டும் சொல்லாமல், காகிதத்தை மடித்துக்கொண்டு அவரோடு வீட்டுக்கு நடந்தாள்.

தோட்டத்துக் கல் சுவர் ஓரமாக வந்ததும் மெல்லப் பேச்செடுத்தாள்.

"அப்பா, கோவிச்சுக்கக் கூடாது. உங்க பெட்டியில இருந்தது..."

"மாவு."

ஹேரின் நின்றுவிட்டாள். "யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? ஏப்பமே வரலையேம்மா."

"எப்போலேருந்து தெரியும்?"

"முத வாரத்துலேருந்து."

"முத வாரத்துலேருந்தா?" அவள் குரல் உயர்ந்தது. "தெரிஞ்சா விட்டிருக்கலாமே! இல்ல அம்மாகிட்டயாவது சொல்லியிருக்கலாம். ஊர்க்காரங்கள்ல பாதிப் பேரு பாகைத் திருட்டுத்தனமா தின்னிருக்காங்க, எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்க. நீங்க ஜாடியைக்கூடத் தொடலன்னு அம்மா சொன்னாங்க. வெறும் மாவுன்னு தெரிஞ்சும் தினம் தினம் எதுக்குப்பா குடிச்சீங்க?"

மான்ஸொக்குக்குக் கேள்வியே வேடிக்கையாக இருந்தது.

"இதென்னடி கேள்வி? என் பொண்ணு முத தடவையா ஊருக்குப் பரிமாறுறா. என் தட்டுல மீதி வைப்பேனா?"

ஹேரின் நடுத்தெருவில் அப்பாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். மான்ஸொக் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தபடியே, "பொண்ணு பசியோட வந்திருக்கா, சோறு எடுத்து வை" என்று வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.